போட்டது எத்தனை, எடுத்தது எத்தனை

வாழைக்குக் குழி எடுக்கும்போது நான் கடப்பாரையை நேராகக் குத்துவதில்லை. சாய்த்துத்தான் குத்துவேன். முதல் குத்தில் வேகமே இருக்காது, மண்ணிடம் அனுமதி கேட்கிற மாதிரி இருக்கும். கூலிக்கு வரும் பையன்கள், "மிலிட்டரி அண்ணே, நீங்க ஒரு குழி எடுக்கறதுக்குள்ள நாங்க அஞ்சு எடுத்துடுவோம்" என்பார்கள். எடுக்கட்டும். ராணுவத்தில் இருபத்து மூன்று வருஷம், அதற்குப் பிறகு இலங்கையில் இரண்டு வருஷம் மண்ணைத் தொட்ட கை இது. கண்ணிவெடியின் தலையில் அழுத்தம் விழுந்தால் வெடிக்கும். விலாவில் தொட்டால் கம்பியின் நுனி ஏதோ தட்டுகிறது என்று மட்டும் சொல்லும். அதனால் குத்தூசியை முப்பது டிகிரி சாய்வில் செலுத்த வேண்டும், இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு குத்து. 1986ல் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில், மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் பயிற்சி மையத்தில் சொல்லிக்கொடுத்தது இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போவது பெரிய முடிவு ஒன்றும் அல்ல. கண்ணமங்கலத்தைத் தாண்டி வேலூர் ரோட்டில் போனால் கம்மவான்பேட்டை வரும். ராணுவப்பேட்டை என்றே அதைச் சொல்வார்கள், முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து வீட்டுக்கு வீடு ஆள் போன ஊர். எங்கள் ஊர் படவேட்டில் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் ஊர்ப் பெயரே படைவீடு. பதினான்காம் நூற்றாண்டில் சம்புவராயர்கள் இங்கே தலைநகர் வைத்திருந்தார்கள். தெற்கே மதுரையில் சுல்தான்கள், மேற்கே ஹொய்சளர்கள், வடக்கே புதிதாக எழுந்த விஜயநகரம் என்று பெரிய அரசுகள் இடித்துக்கொண்ட இடத்தில் ஒரு சின்ன அரசு தாக்குப்பிடித்துப் பார்த்தது. விஜயநகர இளவரசன் குமார கம்பணன் மதுரை மேல் போகிற வழியில் முதலில் முடித்தது சம்புவராயர்களைத்தான். அந்தச் சண்டையில் மிச்சமாகி எங்கள் மண்ணுக்கடியில் கிடப்பது செங்கல்லும் கோயில் கல்லும். ஏர் ஓட்டும்போது இப்போதும் மாட்டும். மாட்டினால் கொழு மழுங்கும், யாருக்கும் கால் போகாது.

2001 டிசம்பர் 13ஆம் தேதி நாடாளுமன்றத்தின் மேல் தாக்குதல் நடந்தபோது நான் ஹவில்தார். ஒரு வாரத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. ஆபரேஷன் பராக்ரம். குஜராத்திலிருந்து காஷ்மீர் வரை எல்லை நெடுகப் படை போய் நின்றது. ரயில் ரயிலாக டாங்கிகளும் பீரங்கிகளும் போனதைப் பத்திரிகைகளில் எழுதினார்கள். அவற்றுக்கு முன்னால் போய் மண்ணில் குனிந்தவர்கள் நாங்கள், சேப்பர்கள். மதராஸ் சேப்பர்களை ராணுவம் முழுக்கத் 'தம்பி' என்றுதான் கூப்பிடும். பஞ்சாபி அதிகாரியும் தம்பி என்பார், கூர்க்கா சுபேதாரும் தம்பி என்பார். அந்த மாதம் எல்லோருக்கும் தம்பிகள் தேவைப்பட்டார்கள்.

எங்களுக்குக் கிடைத்தது ராஜஸ்தானில் ஸ்ரீகங்காநகர் மாவட்டம். பாலைவனம் என்று நினைத்துப் போன எனக்கு அங்கே கால்வாய்ப் பாசனம் ஆச்சரியமாக இருந்தது. கோதுமை முழங்கால் உயரம், கடுகு பூத்து மஞ்சளாகக் கிடந்தது. அந்தக் கடுகுக்கு நடுவில்தான் வரிசை போட்டோம். டாங்கியைத் தடுக்கிற பெரிய வெடி, அதை எவனும் வந்து தோண்டி எடுக்காமலிருக்கச் சுற்றிலும் ஆளைத் தடுக்கிற சின்ன வெடி. சின்னது எம்-14 என்ற பிளாஸ்டிக் டப்பா, எடை நூறு கிராம் அளவு. உள்ளங்கையில் வைத்து விரலை மூடிவிடலாம். அமெரிக்கக்காரன் வரைந்த வடிவம், நம் நாட்டிலேயே செய்தது. அது ஆளைக் கொல்வதற்குச் செய்ததல்ல, காலை எடுப்பதற்குச் செய்தது. செத்தவனை அப்புறம் தூக்கிக்கொள்ளலாம், கால் போனவனைத் தூக்க அந்த நிமிஷமே இரண்டு பேர் வேண்டும். சண்டையில் மூன்று பேர் குறைவார்கள். இந்தக் கணக்கைப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபோது குறிப்பெடுத்துக்கொண்டேன். அர்த்தம் புரிய எனக்குப் பதினைந்து வருஷம் ஆயிற்று.

ஜனவரிப் பனியில், இரண்டு மூன்று டிகிரி குளிரில், கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் செய்கிற வேலை. விரல் மரத்துப்போனால் நிறுத்திவிட வேண்டும். மரத்த விரலுக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது. நிலத்துக்காரர் ஒரு சர்தார்ஜி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். திட்டவில்லை, அழவில்லை. நாட்டுக்கு என்றால் போடுங்கள் என்றார். மூன்றாம் நாள் டீ கொண்டுவந்தார். நான்காம் நாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எடுக்கவும் நீங்கள்தானே வருவீர்கள்?"

அந்தக் கேள்விக்கு எங்கள் தொழிலில் இருக்கும் ஒரே பதில் ரெக்கார்டு. கண்ணிவெடி போடுகிற சேப்பருக்கு வெடியைவிடக் காகிதம் முக்கியம் என்று நான் நம்புகிறேன், ஓய்வு பெற்ற பிறகு இன்னும் அதிகமாக நம்புகிறேன். அசையாத ஒரு அடையாளத்திலிருந்து எத்தனை டிகிரி திசையில், எத்தனை மீட்டரில் முதல் வரிசை தொடங்குகிறது, வரிசைக்கு எத்தனை, எந்த ரகம், எவ்வளவு ஆழம் எல்லாம் எழுதி, வரைந்து, கையெழுத்துப் போட்டு மேலே அனுப்ப வேண்டும். எங்கள் பிரிவின் வரைபடங்களில் பாதி என் கையெழுத்து. சின்ன வயதில் தமிழ் வாத்தியார் கையில் அடி வாங்கித் திருத்திய எழுத்து அது.

போர் வரவில்லை. மே மாதம் காலுசக்கில் சிப்பாய்களின் குடும்பங்கள் இருந்த குடியிருப்பில் தாக்குதல் நடந்தபோது இதோ வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம். அப்போதும் வரவில்லை. பத்து மாதம் நின்றுவிட்டு, அக்டோபர் 2002ல் படையைத் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது. யார் ஜெயித்தார்கள் என்று டெல்லியிலும் இஸ்லாமாபாத்திலும் இன்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அணு ஆயுதம் வைத்திருக்கிற இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டால் எது வரை போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அது ஒரு பாடம் என்பார்கள். இருக்கலாம். ஒரு போரும் நடக்காத அந்தப் பத்து மாதத்தில் 798 வீரர்கள் இறந்ததாக 2003ல் நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. விபத்து, வெடிமருந்து, கண்ணிவெடி எல்லாம் அதில் சேர்த்தி. எல்லை நெடுகப் புதைத்தது பத்து லட்சம் வெடிக்குக் குறையாது என்பது பரவலான கணக்கு. டாங்கிகள் ரயிலேறி ஊர் திரும்பின. வெடிகளுக்கு ரயில் இல்லை.

சர்தார்ஜி கேட்டபடி எடுக்கவும் நாங்கள்தான் போனோம்.

போடும்போது ஒரு நாளில் முடித்த வரிசையை எடுக்க மூன்று வாரம் பிடித்தது. நான் குறித்த அடையாளங்களில் ஒன்று ஒரு கேஜ்ரி மரம். நம் ஊரில் அதற்கு வன்னி என்று பெயர், பாண்டவர்கள் ஆயுதத்தை ஒளித்துவைத்த மரம். பாலை மண்ணில் நூறு வருஷம் நிற்கும் என்று உள்ளூர்க்காரர்கள் சொன்னதால் அதை எழுதினேன். பதினான்கு மாதம் கழித்து வந்து பார்த்தால் மரம் இல்லை. குளிருக்கு விறகாக யாரோ வெட்டியிருந்தார்கள். அடிக்கட்டைமேல் மணல் ஏறியிருந்தது. வரிசை முடிவில் அடித்த இரும்பு முளைகளில் ஒன்று சாய்ந்து, ஒன்று காணாமல் போயிருந்தது. கால்வாய் ஓரத்து நிலத்தில் எல்லாம் சொன்ன இடத்தில் இருந்தன. மணல் மேட்டுப் பக்கம் இருந்த வரிசைதான் நகர்ந்துவிட்டது. காற்று மணலைத் தள்ள, மணல் வெடியைத் தள்ள, சில வெடிகள் இரண்டு முழம் ஆழத்துக்குப் போய்விட்டன, சில மேலே வந்து வெயிலில் காய்ந்தன.

வேலை இதுதான்: போட்டது எத்தனை, எடுத்தது எத்தனை. இரண்டும் ஒன்றாகும்வரை அந்தக் கம்பிவேலியின் சிவப்பு முக்கோணத்தைக் கழற்றக்கூடாது. ஒரு வரிசையில் மூன்று குறைந்தது. இரண்டு நாள் தேடி இரண்டை எடுத்தோம். மூன்றாவதை சேலத்துப் பையன் ஒருவன் கண்டுபிடித்தான், வலது காலால். பாதுகாப்பானது என்று நாங்கள் வெள்ளை நாடா கட்டியிருந்த பாதைக்குள் அது நகர்ந்து வந்திருந்தது. சத்தம் பெரிதாக இல்லை, கதவைச் சாத்துகிற மாதிரி. அவன் கீழே விழாமல் நின்றபடியே என்னைப் பார்த்து, "அண்ணே, ஒண்ணு கெடச்சுடுச்சு" என்றான். வலி வர அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்தில் சொன்னது.

அவனைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. இரண்டில் ஒருவன் நான்.

அன்று ராத்திரி ரெக்கார்டில் அந்த எண்ணுக்கு நேரே டிக் போட வேண்டியது என் வேலை. போட்டேன். கணக்கு நேராயிற்று. அந்த நிலத்தை ஒப்படைத்தோம். அந்த டிக்கைப் போட்டது சரிதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இருபது வருஷமாக அது என் கூடவே வருகிறது.

கண்ணிவெடியே கூடாது என்று 1997ல் ஒட்டாவாவில் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். நூற்று அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன. இந்தியா சேரவில்லை, பாகிஸ்தான், சீனா, அமெரிக்கா, ரஷ்யாவும் சேரவில்லை. நீளமான எல்லையும் பக்கத்தில் பகையும் உள்ள நாடு ஒரு தடுப்பை எளிதில் கைவிடாது, அது எனக்குப் புரிகிறது. 2002 மே மாதம் போர் வந்திருந்தால் அந்தக் கடுகு வயலில் நாங்கள் போட்ட வரிசை, பின்னால் பதுங்குகுழியில் இருந்த எங்கள் ஊர்ப் பையன்களைக் காப்பாற்றியிருக்கும். அதை நான் மறுக்கமாட்டேன். இந்தியா ஏற்றுக்கொண்ட வேறொரு ஒப்பந்தத்தின்படி ஆளைத் தடுக்கிற ஒவ்வொரு வெடியிலும் எட்டு கிராமாவது இரும்பு இருக்க வேண்டும், டிடெக்டர் காதில் விழுவதற்காக. எட்டு கிராம் என்பது ஒரு ரூபாய் நாணயம் இரண்டு மூன்றின் எடைதான். அந்த எட்டு கிராமால் பிழைத்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் போடுவதற்கு உத்தரவு கொடுக்கிறவர்கள், எடுப்பதற்கான ஆளையும் பணத்தையும் வருஷத்தையும் அதே காகிதத்தில் எழுதியாக வேண்டும். அது இல்லாத உத்தரவை நான் முழு உத்தரவாக ஒப்புக்கொள்ளமாட்டேன். 2025ல் லிதுவேனியா, லாட்வியா, எஸ்டோனியா, பின்லாந்து, போலந்து என்று ஐந்து நாடுகள் ரஷ்யாவுக்குப் பயந்து ஒட்டாவா ஒப்பந்தத்தைவிட்டு வெளியேறுவதாக அறிவித்த செய்தியைப் படித்தபோது, அவர்கள் பயத்தைக் குறைசொல்லத் தோன்றவில்லை. அங்கே பனியில் குனியப்போகிற ஹவில்தாரின் கையெழுத்து நன்றாக இருக்கவேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

2009ல் ஓய்வு. மே மாதம் இலங்கையில் போர் முடிந்திருந்தது. ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் வவுனியாப் பக்கத்தில் மெனிக் பாம் முகாமில் அடைபட்டுக் கிடந்தார்கள். வெடி எடுக்காமல் அவர்களை வீட்டுக்கு அனுப்ப முடியாது. இந்திய அரசு தன் செலவில் ஏழு குழுக்களை அனுப்பியது. எல்லாம் ஓய்வுபெற்ற சேப்பர்கள். அந்த மாதிரிக் குழு ஒன்றில் நானும் போனேன். வீட்டில் சம்மதிக்கவில்லை. அம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் ரேணுகாம்பாள் கோயில் திருநீற்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள். ஜமதக்னி முனிவர் யாகம் செய்த இடம் என்று சொல்லி மண்ணிலிருந்து வெட்டி எடுக்கிற திருநீறு அது. பட்டாளத்தில் சேர்ந்த நாளிலும் அதே மடிப்புத்தான்.

மன்னார் மாவட்டம், அடம்பன் பக்கம். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் விளைகிற நெல் வயல்கள், வருஷக்கணக்கில் உழாமல் நாணல் ஏறிக் கிடந்தன. நாம் கண்ணிவெடி என்பதை அங்கே மிதிவெடி என்பார்கள். அந்தச் சொல் சரியான சொல். கண்ணி என்றால் யாரோ வைத்து யாரையோ பிடிப்பது. மிதி என்றால் அதில் எதிரி இல்லை, கால் மட்டும்தான் இருக்கிறது.

அங்கே வீடும் தோட்டமும் சேர்ந்த ஒரு வளவில், பத்து நாள் வேலையில், மூன்று நாட்டுக் கணக்கு என் கையில் வந்தது. முதலில் கிடைத்தது பாகிஸ்தானில் செய்த பி-4. இலங்கை ராணுவம் வாங்கிப் போட்டது. அடுத்தது பச்சை மூடி போட்ட சீனத்து வெடி, டைப் 72. மூன்றாவது புலிகள் தாங்களே செய்த மரப்பெட்டி, ஜொனி. கங்காநகரில் எந்த நாட்டைத் தடுக்க மண்ணில் குனிந்தேனோ, அந்த நாட்டுத் தொழிற்சாலையில் செய்த வெடியை ஒரு தமிழ்க் கிழவியின் தென்னை அடியில் சாய்வாகக் குத்தி எடுத்தேன். வல்லரசு, செல்வாக்கு, பிராந்தியச் சமநிலை என்று பேசுகிறார்களே, அதை நான் படித்தது அந்த மண்ணில்தான். ஒரு நாடு ஆயுதம் விற்கிறது, இன்னொரு நாடு கடன் கொடுக்கிறது, மூன்றாவது நாடு வெடி எடுக்க ஆள் அனுப்புகிறது. எங்களை இந்தியா அனுப்பியதில் தமிழர்மேல் அக்கறை இருந்தது, இலங்கையில் தன் இடம் போய்விடக்கூடாது என்ற கணக்கும் இருந்தது. ஐம்பதாயிரம் வீடு, தலைமன்னார் ரயில் பாதை எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். கணக்கோடு வந்த உதவியும் உதவிதான். வெடி எடுத்த நிலத்தில் நெல் விளைந்தது.

ராணுவம் போட்ட இடங்களுக்கு வரைபடம் கிடைத்தது. புலிகள் போட்டதற்கு எங்களிடம் ஒரு காகிதமும் இல்லை. போட்டவன் நினைவில்தான் இருந்தது, போட்டவனும் இல்லை. அப்போது நிலத்தைத்தான் படிக்க வேண்டும். தப்பி ஓடுகிறவன் எந்தப் பக்கம் ஒதுங்குவான், தாகம் எடுத்தவன் எங்கே போவான் என்று பார்ப்போம். அதனால் கிணற்றடி, நிழல் மரத்தடி, இடிந்த வீட்டின் வாசற்படி மூன்றையும் கடைசியில்தான் தொடுவோம். வளவுக்குச் சொந்தக்காரியான அந்த அம்மாவோ முதல் நாளே வேலிக்கு அப்பால் நின்று சொல்லிவிட்டார்: "தம்பி, கிணத்தடியை மட்டும் முதல்ல பாத்துத் தாங்கோ. மிச்சம் ஆறுதலாப் பாப்பம்."

முகாமிலிருந்து வந்து உறவுக்காரர் வீட்டுத் தகரக் கொட்டகையில் இருந்தார். இரண்டு கிலோமீட்டர் நடந்து தண்ணீர் சுமந்தார். விதிப்படி முதலில் ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் அகலப் பாதை எடுத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். கிணற்றுக்குப் போய்ச்சேர ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் காலை, படியிலிருந்து ஒரு முழத்தில், டிடெக்டர் லேசாக முனகியது. ஆணி முனகல் மாதிரி. முகக் கண்ணாடிக்குள் வியர்வை, முழங்காலுக்குக் கீழே குருணைக்கல். முனகிய இடத்துக்கு ஒரு சாண் முன்னாலிருந்து மண்ணைப் பக்கவாட்டில் செதுக்கிக்கொண்டு போனேன். முதலில் கரையான் தெரிந்தது. அப்புறம் கரையான் தின்ற பலகையின் விளிம்பு. மூடியில் பாதி மட்கியிருந்தது, வெடிமருந்து மட்காது. ஜொனிப் பெட்டி. வாளி இறக்குகிறவள் நின்றிருக்கக்கூடிய இடம். கொடி நட்டுவிட்டுப் பின்வாங்கி, சாயங்காலம் அங்கேயே வெடிக்கவைத்தோம். கிணற்றுக் கட்டில் ஒரு செங்கல் விழுந்தது. மறுநாள் காலையில் நானே குழைத்து வைத்துவிட்டேன்.

ஒப்படைக்கும் நாளில் வெடி எடுத்தவர்கள் முதலில் அந்த நிலத்தில் நடந்து காட்ட வேண்டும். சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வரிசையாகக் கைகோத்து, எங்கள் குழு அந்த வளவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்தது. அந்த அம்மா வேலியருகில் நின்றார். எல்லோரும் போன பிறகு, என் பூட்ஸ் தடத்திலேயே கால் வைத்துக் கிணறு வரை வந்தார்.

இலங்கை 2017 டிசம்பர் 13ஆம் தேதி ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2028 ஜூனுக்குள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவதாக வாக்கு. இப்போது வடக்கே முகமாலையில் உள்ளூர்ப் பெண்களும் நிறையப் பேர் குனிகிறார்கள், புருஷனைப் போரில் இழந்தவர்கள் அவர்களில் பலர். எங்களைவிட அவர்களுக்குப் பொறுமை அதிகம்.

2012ல் ஊர் திரும்பியதும் நான் முதலில் போனது பெரியப்பா வீட்டுக்கு. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். 1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனபோது அதில் போனவர். யாழ்ப்பாணத்தில் 1988ல் இடது கால் போயிற்று. அந்தப் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை, அவர் திரும்பினார். இருபத்து நான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை. வாழைத்தார் எடை போடுவதிலும் கமண்டல நதியில் தண்ணீர் வருமா என்பதிலும்தான் பேச்சு இருக்கும்.

அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். மன்னாரில் என்ன எடுத்தோம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஜொனி என்ற பெயர் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எவ்ளோ பெருசு இருக்கும்டா அது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவர் அதைப் பார்த்ததே இல்லை. இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக் காட்டினேன், இவ்வளவுதான் என்று. அவர் என் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரும்பா?"

"இல்லண்ணே. மரப்பெட்டி."

"மரமா," என்றார். பிறகு, "என்ன மரம்?" என்று கேட்டார்.